ஆட்டுக் கொழுப்புச் சோப்பு

திருமணமான புதிதில் நாமக்கல்லில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மாதர் சங்கத்தில் சோப்புக் காய்ச்சக் கற்றிருந்தேன். கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக் கொழுப்பை நறுக்கி, தண்ணீர் விட்டு, சிறு தீயில் உருக்க வேண்டும். அன்று அவசரத்தில் தீயைக் கூட்டிவிட்டேன். தண்ணீர் வற்றிக் கொழுப்பு கருகி, லைன் முழுக்க வாடை எழுந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, புரட்டாசிச் சனிக்கெழமையில கறியாக்கறீங்களா?"

"இல்லீங்க்கா, சோப்புக்குக் கொழுப்பு உருக்கறனுங்க."

அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "போன வாரம் எனக்குக் குடுத்த சோப்பும் இதுலதானா?"

"ஆமாங்க."

"அதுலதான் எங்க ஊட்டுக்காரரு பூசை வேட்டியத் தொவச்சேன். காத்தால அதைக் கட்டிக்கிட்டுத்தான் பெருமாளுக்குப் படைச்சாரு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்குப் போய் மிச்சச் சோப்பை எடுத்துவந்து, என் கையில் தராமல் துவைக்கும் கல்லின் மேல் வைத்தார். எதில் செய்தது என்று கொடுக்கும்போதே சொல்லத் தோன்றவில்லையே என்று கூசிப்போனேன்.

மறுநாள் கறிவேப்பிலை கேட்டு வழக்கம்போல வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.