துப்பாக்கி மெழுகும் அத்தையின் குதிகாலும்

வளைகுடாவில், சத்வா பகுதியிலுள்ள மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். “டூட்டில நின்னு நின்னு கால் வெடிச்சுப்போச்சு மாமா” என்று சொல்லியபடியே, மருமகள் தேன்மெழுகையும் நல்லெண்ணெயையும் சேர்த்து உருக்கினாள். அந்த மணம் என்னை எங்கள் ஊர்த் தேரடிக்கு அழைத்துச் சென்றுவிட்டது.

என் தந்தையார் கருமருந்துத் துப்பாக்கியால் மூன்று வேட்டுப் போட்ட பிறகே தேர் நகரும். குழலில் திணிக்கும் துணியில் ஒவ்வொரு முறையும் இதே மெழுகைத் தடவுவார்; தடவாவிட்டால் கரி இறுகி அடுத்த வேட்டு தவறிவிடும். இறைபணியாதலால் விலங்குக் கொழுப்பைச் சேர்க்கமாட்டார்.

ஓராண்டு, சுவாமி தேரில் எழுந்தருளிய வேளையில் தந்தையார் மெழுகுக் கிண்ணத்தைத் திறந்தார். மெழுகில் விரல் தடங்கள்! அருகில் நின்ற அத்தையின் குதிகால் பளபளத்தது.

“அக்கா, சாமிக்கு வெச்சத எடுத்துக் கால்லயா பூசின?”

“வெடிப்பு தாங்கலடா. அடியார் பாதத்தூளியத் தலைமேல வைப்பேன்னு தெனமும் உருகிப் பாடுறியே, நான் அடியாள் இல்லியா?” என்றாள் அத்தை.

வேறு மெழுகு காய்ச்ச நேரம் இல்லை. “சிவசிவா” என்று தந்தையார் அதையே தடவினார். மூன்று வேட்டும் முழங்கின, தேர் அசைந்தது. அவர் இறைவனைத் தொழுதார். பிறகு திரும்பி, அத்தையின் காலிலும் விழுந்தார்.

“பாத்துடா, கை வழுக்கும்!” என்றாள் அத்தை.