இரண்டு துண்டு பாண்

என் மகளுக்கு ஏழு வயதில் வயிறு கெட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஊரைவிட்டு வெளிநாடு வந்து ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தோம். சாப்பிட்டதெல்லாம் வயிற்றால் போனது, பிள்ளை எலும்பும் தோலுமானாள். எங்கள் வீடுகளில் வயிறு கெட்டால் செய்வதையே நானும் செய்தேன், பத்தியம். கோதுமை மா, பாண், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம் அரிசிக் கஞ்சியும் இடியப்பமும் கொடுத்தேன். கொஞ்சம் தேறினாள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத வருத்தமாக இருக்கலாம், இப்போது இரத்தத்திலேயே பார்க்கலாம் என்றார் டொக்டர். வழமையான சாப்பாடு சாப்பிடுகிறாளா என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைத்தான் அவளும் சாப்பிடுகிறாள் என்றேன். பொய். பிள்ளையைப் பட்டினி போட்டதாக நினைத்து, கவனிப்பில்லாத பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் கவுன்சில்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். பயம் என்பதும் ஒரு சாட்டுத்தான்.

இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோதுமை மாப் புட்டு அவித்தேன். இரண்டு மாதத்தில் பிள்ளை மறுபடி படுத்துவிட்டாள். நான் மறுபடி பத்தியம் தொடங்கினேன்.

அடுத்த முறை வேறொரு டொக்டர் அம்மா இருந்தார். அவரிடம் அழுது உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, ஏசியிருக்கலாம். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் இரத்தம் காட்டிக்கொடுக்கும், நிறுத்தினால் அந்தச் சோதனையை நம்ப ஏலாது என்று விளங்கப்படுத்தினார். ஆறு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு துண்டு பாண் கொடுக்கவேண்டும், பிறகு இரத்தம் எடுப்போம் என்றார்.

வருத்தம் தருவது இதுதான் என்று தெரிந்துகொண்டே பட்டர் பூசிக் கொடுத்தேன்.

"அம்மா, பாதி காணுமோ?"

"முழுக்கச் சாப்பிட வேணும், செல்லம்."

முதல் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் இருந்து தடவிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஏலவில்லை. பிறகு பாணைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தபடி சாப்பிடுகிறேன் என்றாள். விட்டேன். மெல்ல மெல்ல நோ குறைந்தது. ஆர்ச்வே முருகனுக்கு அர்ச்சனைகூடச் செய்தேன், மடைச்சி.

இரத்தம் எடுக்கப் போன காலை பஸ்ஸில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. லேஞ்சி தேடி அவளுடைய கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். காய்ந்த பாண் துண்டுகள் கையில் தட்டுப்பட்டன. அடியில் ஒரு பிடி தூள். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கையாலேயே அவளுடைய மூக்கைத் துடைத்துவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் பாண் சாப்பிட்டாயா என்று டொக்டர் அம்மா அவளிடமே கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைத்தான் நானும் சாப்பிடுகிறேன் என்றாள், கண் சிமிட்டாமல். நான் அன்று சொன்னது அப்படியே. அன்று அவள் என் மடியில்தான் இருந்தாள்.

ஊசி தயாராக இருந்தது. நான் பேசாமல் இருந்தால் இன்றோடு பாண் முடியும், இரத்தமும் மறுபடி பொய் சொல்லும். கோட்டுப் பையில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன்.

டொக்டர் அம்மா ஊசியைத் திரும்ப வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆறு கிழமை என்றார்.

வெளியே வந்ததும் மகள் என் கையை விட்டுவிட்டாள்.

"ஏனம்மா சொன்னனீங்கள்? நீங்கள் பொய் சொல்லேக்கை நான் பேசாமல்தானே இருந்தனான்."