ஈரமே இல்லாத சர்க்கஸ் அம்மா

எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே ஈரம் என்பது கெட்ட வார்த்தை என்று எனக்குத் தெரியும். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்ததும் அப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டுக் காத்திருப்பார். அங்கிருப்பவர் ஒரு பிடி அள்ளி மிஷினில் போட்டுப் பார்த்து, "ஈரம் இருக்குங்க" என்று தள்ளிவிட்டால் அன்று வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. "ஈரம் இல்லைங்க" என்றால் அம்மா வடை சுடுவாள்.

ஒரு மாசியில் நிலையத்தை ஒட்டிய அறுத்த வயலில் சர்க்கஸ் வந்திறங்கியது. சிங்கம், புலி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்து, யானையையும் விற்றுவிட்டதால், மிச்சமிருந்தது இரண்டு நாய்களும் கொஞ்சம் மனிதர்களும்தான். கூட்டமே சேரவில்லை. "யானை இல்லாத சர்க்கஸை எவன் பாப்பான்?" என்று அப்பா தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள், அத்தோடு கம்பெனியையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்த பிறகுதான் கடைசி ஆட்டத்துக்குச் சம்மதித்தார்.

கிளம்பும் நேரம் பார்த்து வானம் கறுத்தது. ஊர் நெல்லெல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. இருந்த தார்ப்பாய் பாதிக்குக்கூடக் காணாது. நனைந்தால் முளைத்துவிடும், வருஷப் பாடு போச்சு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சர்க்கஸ் போச்சே என்று அழுதுகொண்டே நானும் ஓடினேன்.

சர்க்கஸை நடத்திய அம்மா கூடார வாசலில் நின்றிருந்தார்.

"மானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! எல்லாத்தையும் உள்ள கொண்டாங்க!"

பார் விளையாடும் பெண்கள் கூடை தூக்கினார்கள். கோமாளி பாதி பூசிய முகத்தோடு மூட்டை சுமந்தார். முதல் தூறல் விழுந்தபோது கூடாரத்துக்குள் கால் வைக்க இடமில்லாமல் நெல்.

மழை விடவில்லை. காவல் என்ற பெயரில் ஊரே குடும்பத்தோடு குவியல்மேல் உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். "இம்புட்டுக் கூட்டம் பாத்து எத்தனை வருஷமாச்சு! ஆடிடுவமா?" என்றார். நெல் சுணையில் கோமாளி உடம்பைச் சொறிந்ததற்கே கைத்தட்டல். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். யானையைத் தேடியதாகத் தெரியவில்லை.

வெயில் வந்தது. நெல் வெளியேறும்வரை அந்த அம்மா கூடாரத்தைப் பிரிக்கவில்லை. நெல்லைக் காயவைத்து, "ஈரம் இல்லைங்க" என்று கேட்டுவிட்ட அன்று ஊரார் அந்த அம்மாவிடம் நன்றி சொல்லப் போனார்கள். பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த பாராட்டை நான் உரக்கச் சொன்னேன்.

"சர்க்கஸ் அம்மா, உங்களுக்குக் கொஞ்சங்கூட ஈரமே இல்ல!"

நெஞ்சில் இருக்கிற ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, புள்ள நெல்லு நெனப்புல சொல்லுது."

"மிஷின்ல போட்டுப் பாத்தியா பாப்பா?" என்று அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த அறுவடைக்கும் வர வேண்டும் என்று ஊர் பிடிவாதமாகக் கேட்டது. வந்தார்கள். கம்பெனியை மூடவில்லை. இந்த மாசியிலும் கூடாரம் போட்டிருந்தார்கள். இப்போது நடத்துவது அவருடைய மகள். என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் அப்படிச் சொன்ன அன்று, சிரித்து முடித்தபோது அந்த அம்மாவின் கண்கள் நனைந்திருந்தன. நான் பயந்துபோனேன். ஈரத்தைப் பார்த்தால் இவரை வேண்டாமென்று தள்ளிவிடுவார்களே! பாவாடை நுனியை நீட்டி அவர் காதோடு சொன்னேன்:

"யாரும் பாக்குறதுக்குள்ள தொடச்சிக்கங்க."