கருவாட்டுக் கூடைக்குள் போன எலி மருந்து

காரைக்கால்மேட்டில் எங்கள் வீட்டு எலித் தொல்லை சொல்லி மாளாது. என் கம்ப்யூட்டர் ஒயரைக்கூடக் கடித்துவிட்டன. டிப்ளமோ படித்தவள் இல்லையா, தக்காளி, ரொட்டி, தேங்காய் என்று ஒவ்வொன்றிலும் எலி மருந்துப் பசையைத் தடவி முறையாகச் சோதித்தேன். எதையும் அவை தொடவில்லை. கடைசியில் வாளைக் கருவாட்டுத் துண்டில் தடவி அடுப்படி மூலையில் வைத்தேன். காலையில் துண்டைக் காணோம்.

"தின்னுட்டு எங்கயாவது செத்திருக்கும்மா" என்றேன் பெருமையாக.

அன்று குழம்புக்காக, பரணில் இருந்த கூடையிலிருந்து கருவாடு எடுத்து அம்மா அலசத் தொடங்கினார்.

"ஏன்டி, இது மட்டும் ஏன் கருப்பா பிசுபிசுன்னு இருக்கு? படிச்ச புள்ள, வந்து பாரு."

பார்த்ததும் அவர் கையிலிருந்து தட்டிவிட்டேன். நான் மருந்து தடவிய அதே துண்டு!

கூடையைக் கொல்லையில் கவிழ்த்தோம். அடியில் வலை நூலைக் கடித்துச் சேர்த்த எலிக்கூடு. மூத்திர நாற்றம், புழுக்கைகள், நடுவே மயிரில்லாமல் நெளியும் குட்டிகள். மருந்துத் துண்டைத் தாய் எலி இங்கேதான் இழுத்து வந்திருக்கிறது.

"இத்தனை நாளா எலி மிச்சம் வச்சதைத்தான் வறுத்துத் தின்னோமா?" என்றார் அம்மா. எனக்கு அங்கேயே வாந்தி வந்துவிட்டது.

கூடையோடு எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். இப்போது வீட்டில் விஷம் வைப்பதில்லை, கூண்டுப் பொறிதான். கருவாடு இறுக மூடும் தகர டின்னில் இருக்கிறது. பரணை வாரந்தோறும் நானே காலி செய்து துடைக்கிறேன். மருந்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வைத்த துண்டைக் காணோம் என்றால், அது எங்கே போனது என்று தெரியும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.