திருக வேண்டியது போத்தலைத்தான்

மாலைதீவில் ஒரு ஹோட்டலில் ஏழு வருடம் நுரைக்கும் வைன் ஊற்றிக் கொடுத்தேன். வீட்டுக்குச் சொன்னது, ஸ்டோரில் வேலை என்று. கல்முனையில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரின் மூத்த மகன் வேறென்ன சொல்வான்? ஒரு சொட்டும் என் நாக்கில் பட்டதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குடிப்பவனோடு ஊற்றிக் கொடுப்பவனுக்கும் சேர்த்துத்தான் பாவம் என்பதை எனக்கு ஓதித் தந்ததே வாப்பாதான். தெரிந்தே செய்தேன்.

குடிக்காவிட்டாலும் அந்தப் பானத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. ஒருமுறை புளித்து முடிந்த வைனில் கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலில் இறுக மூடிவிடுவார்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று வாயுவை விடும். வெளியேற வழியில்லாத வாயு வைனுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். தின்ன ஒன்றுமில்லாமல் போனதும் ஈஸ்ட் செத்து அடியில் படியும். வருடக்கணக்கில் அந்தச் செத்ததோடு கிடந்தால்தான் ருசியாம். அப்போதுதான் சுட்ட பாண் வாசம் வருகிறது என்று வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எனக்கும் மணந்தது. அத்தோடு என் பங்கு முடிந்தது.

யாரோ ஒரு துறவிதான் இதைக் கண்டுபிடித்தார் என்று மேசைக்கு மேசை கதை விடுவேன். உண்மையில் அந்த மனிதர் நுரையை எப்படி ஒழிப்பது என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டாராம். விருந்தாளிகளுக்குப் பொய்தான் பிடித்தது. எனக்குப் பிடித்தது நிலவறைத் தொழிலாளர்களின் கதை. அந்தக் காலத்தில் ஒரு போத்தல் வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் வரிசையாக வெடிக்குமாம். முகத்துக்கு இரும்பு மூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்களாம். கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் உள்ளே நிற்கிறது. தக்கை பாய்ந்து ஒரு விருந்தாளியின் கண் போனதை நானே பார்த்தேன்.

தங்கச்சியின் கலியாணத்துக்கு லீவில் வந்திருந்தேன். சஹனில் சோறு வைத்தாயிற்று. ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர்: மாப்பிள்ளை, அவருடைய தகப்பனார், கட்டாரிலிருந்து வந்த அவருடைய மாமா, வாப்பா, தம்பி, நான். அந்த மாமா ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். மதுவே இல்லாத திராட்சைச் சாறு, ஹலால் என்று அச்சடித்திருந்தது. ஆனால் அதே கம்பிக் கூடு, அதே தக்கை. மனிதர் கம்பியைப் பிய்த்துப் போட்டார். போத்தலைக் குலுக்கினார். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தக்கையை நெம்பத் தொடங்கினார்.

பாய்ந்து பறித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைகளுக்குத் தெரிந்த வேலையைக் கைகள் செய்தன. தக்கையை இறுக்கிப் பிடித்து, போத்தலைச் சரித்து, தக்கையை அசைக்காமல் போத்தலை மட்டும் திருகினேன். ஒரு பெருமூச்சு விட்ட சத்தம்தான் வந்தது. சத்தமில்லாமல் திறப்பவன்தான் கெட்டிக்காரன். எழுந்து நின்று வாய்ப்பகுதியைத் துடைத்து, லேபிளை மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கம் திருப்பிக் காட்டி, அடியிலிருக்கும் குழிக்குள் பெருவிரலைக் கொடுத்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, அவருடைய கிளாசில் ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு, ருசி பார்த்து அவர் சொல்லப்போகும் பதிலுக்குக் காத்து நின்றேன்.

அப்போதுதான் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"நல்லாப் பழகின கை போல இரிக்கே, தம்பி," என்றார் மாமா. சிரிப்பும் வந்தது அவருக்கு.

வாப்பா சிரிக்கவில்லை. "எத்தினை வருசம், மகன்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு, வாப்பா."

அவர் விரல்களைக் கழுவிக்கொண்டு எழும்பினார். கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாளில் மறந்துபோனார்கள். வாப்பாதான் மறக்கவில்லை.

வேலையை விட்டேன். அக்கரைப்பற்றில் ஒரு இரும்புக்கடையில் சேர்ந்தேன். அழுது பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தேன், பள்ளியில் அவருக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் நின்று தொழுதேன். கதைக்காமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. கேட்டதற்கு ஓம் என்பார், வெயிலைப் பற்றிச் சொல்வார். ஆனால் நான் கை வைத்த சஹனில் அவர் உட்காரவில்லை. நோன்பு திறக்கும்போது நான் நீட்டிய பேரீச்சம்பழத்தைக் காணாதவர் போல வேறொன்றை எடுத்தார். ஒரேயொரு தடவை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட மாட்டாரா என்று பெருநாளுக்குப் பெருநாள் பார்த்திருந்தேன். ஏசியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கோபமும் வந்தது. ஒருவனுடைய கண்ணைக் காப்பாற்றியதற்கா இது என்று உம்மாவிடம் கத்தியும் இருக்கிறேன்.

மூன்றாவது வருடம், விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லி, தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. பின்வளவில் சீலை கட்டி மறைத்து மையத்துக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்தார்கள். மகன்மார்தான் குளிப்பாட்டுவது. சட்டையைக் கழற்றி, கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். தம்பி மறைப்புக்கு வெளியே வந்து என் நெஞ்சில் கை வைத்தான். அழுதுகொண்டிருந்தான்.

"காக்கா, நீங்க வரவேணாம். வாப்பா முந்தியே சொல்லி வெச்சிரிக்காரு."

சீலைக்கு இந்தப் பக்கம் நின்று தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தைக் கேட்டேன். வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டதும், கபுறுக் குழிக்குள் இறங்கி அவரை வாங்கி வைத்ததும் தம்பிதான். பிறகு ஊரார் வரிசையாக வந்து ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் குனிந்து மூன்று பிடி அள்ளிப் போட்டேன். அதைத் தடுக்க யாருக்கும் அவர் சொல்லி வைத்திருக்கவில்லை.