வாய்க்கால் நீச்சல்காரன்

என் சொந்த ஊரான பரந்தனில் காலையில் ஓடுவது லேசான காரியமில்லை. வெயிலைத் தாங்கலாம், நாய்களையும் சமாளிக்கலாம். மனிதர்களின் இரக்கம்தான் தாங்க முடியாதது. வளர்ந்த ஆள் ஒருவன் வீதியில் ஓடினால், அவன் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்பது இங்கே முடிந்த முடிவு. முதல் நாளே ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

“என்ன அண்ணை, ஏதும் அவசரமோ? ஏறுங்கோ.”

“இல்லைத் தம்பி, சும்மா ஓடுறன்.”

“சும்மா ஆர் ஓடுவினம்? வெக்கப்படாமல் ஏறுங்கோ.”

ஏறினேன். அன்றைய ஓட்டப் பயிற்சி பின்சீற்றில் இனிதே நிறைவேறியது. சுவிஸில் நான் இருக்கும் ஊரிலோ, நடைபாதையில் மூச்சின்றிக் கிடந்தாலும் ஏதோ உடற்பயிற்சி என்று மரியாதையாக விலகிப் போவார்கள்.

அக்காவின் மகளுடைய கலியாணத்துக்காக வந்து நிற்கிறேன். திரும்பிப் போன கையோடு ட்ரையத்லன் போட்டிக் காலம் தொடங்கிவிடும். ஏரியில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் ஓடி, அதோடும் சாகாவிட்டால் காலால் ஓட வேண்டும். உணவகக் குசினியில் அரை ஆயுளைக் கழித்த எனக்கு, யாரும் சொல்லாமல் நானாகச் செய்கிற ஒரே வேலை இதுதான். அதிலும் இரண்டு வருடமாக நீச்சலைத் தாண்டவில்லை. முதல் வருடம் பாதி வழியில் மூச்சடைத்து, ஒரு மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மீட்புப் படகில் வந்த பெண், “எப்படி இருக்கிறீர்கள்?” என்று ஜேர்மனில் கேட்டார். மொழி வகுப்பில் படிப்பித்தது அப்படியே வாயில் வந்தது: “நன்றி, நலம். நீங்கள் எப்படி?” அவரும் நலமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லாரும் கரையேறிய பிறகும் நான் மிதவையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் மிதவை வரைக்கும்கூடப் போகவில்லை. இம்முறையும் தண்ணீரில் நின்றால் இனிப் பெயர் பதிய வேண்டாம் என்று எங்கள் ட்ரையத்லன் கழகத்தில் அன்பாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். நான் வாய்க்கால்கரையில் வளர்ந்தவன். விதைப்புக்குக் குளம் திறந்தால் வாய்க்கால் வளைவில் குதித்து மதகடியில் எழும்புகிறவன். கழகத்தில் சேரும்போதும், சிறு வயதிலிருந்தே நீந்துவேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன். சொந்தத் தண்ணீரில் பழகினால் பயம் தெளியும் என்று நினைத்து, அத்தானின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் குளத்துக்குப் போனேன்.

“முதலை இருக்கோ, அத்தான்?”

“இருக்கு. ஆனா நீ போடுற சத்தத்துக்கு அது வவுனியாவுக்கு ஓடிடும்.”

நாலு கை போட்டிருப்பேன். அசையாமல் கிடந்த தண்ணீர் நெஞ்சை அமத்தியது. இதயம் பழைய உழவு இயந்திரம்போல் உதறியது. கத்தினேன். அத்தான் அணைக்கட்டில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“எழும்பி நில்லடா! அது இடுப்பளவு தண்ணி!”

வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் முறைப்பாடு வைத்தேன். “சின்னனிலை எப்பிடி நீந்தினனான், அக்கா!”

“நீ எப்பவடா நீந்தினனி?” அக்கா நிமிரவே இல்லை. “தண்ணியெல்லோ உன்னைக் கொண்டுவந்தது. நான் மதகடியிலை நிண்டு தலைமயிரிலை பிடிச்சு இழுத்தெடுக்கிறனான்.”

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நான் மட்டும் நிறுத்திவிட்டேன். நாற்பது வருடமாகத் தெரியுமென்று நம்பியிருந்த ஒன்று, எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை.

சிறுபோக விதைப்புக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மறுநாள் அந்த வளைவிலேயே போய்க் குதித்தேன். உடம்பு இலேசாகியது. கையைக்கூட அசைக்கவில்லை; என்ன அழகாகப் போகிறேன்! மதகு நெருங்கியது. என் கை தன்பாட்டில் கரைப்பக்கம் நீண்டது. மேலே மதகுக் கட்டின்மேல், என்னைத் தேடி வந்த அக்கா குடையோடு நின்றா. முழங்கால் தேய்ந்து, நிலத்தில் விழுந்த சீப்பை எடுக்கவே ஆள் கூப்பிடுகிறவ.

“தம்பி, புல்லைப் பிடி! என்னாலை குனிய ஏலாது!”

பிடித்தேன். மதகின் இருட்டு காலடியில் வாய் திறந்து நின்றது.

“இந்த நீச்சல் அங்கை ஏரிக்குப் போதுமோடா?” என்று அக்கா கேட்டா.

“காணாதக்கா.”

கால்களை வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தது. கையில் பிடித்த புல் ஒவ்வொன்றாக வேரோடு கழன்று வந்துகொண்டிருந்தது.