முதல் கட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகம்?

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சம்பளம் வாங்குவது கொழுந்து எடை எழுதுவதற்கு. ஆயுளைக் கழிப்பதோ அடுத்தவர் வீட்டு விண்ணப்பங்களை நிரப்புவதில். கொஞ்சம் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும் என்று பெயர் வாங்கிய பாவத்துக்கு இதே தண்டனையை அனுபவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில், எங்கள் கொழுந்து லோரி டிரைவர் முனியாண்டியின் மகள் வசந்தா ஆறாம் படிவம் முடித்துவிட்டு வணிக நிர்வாகப் பட்டப்படிப்புக்கு மனுப் போட வந்தாள். பல்கலைக்கழகங்கள் இரண்டு: தலைநகரில் பழையது ஒன்று, வடக்கே புதியது ஒன்று. விண்ணப்பப் பாரத்தில் கட்டங்களும் இரண்டு. முதல் கட்டத்தில் எழுதுவதற்குத்தான் மதிப்பு. அனுப்பிய பிறகு மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். "எதற்கும் நகல் ஒன்றில் பென்சிலால் எழுதி என் மேசையில் வை" என்று சொன்ன மேதை நான்தான். அழிக்கலாம் என்று தெரிந்ததும் தோட்டமே ஆபீசுக்கு வந்துவிட்டது. வசந்தாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

லோரி நிறுத்த இடம்

முதலில் முனியாண்டி. வடக்கேதான் என்றார். பாடத்திட்டம் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் பார்த்தது பாதையை.

"பிள்ளயப் பாக்கப் போனா, கோலாலம்பூர்ல லோரிய எங்க நிறுத்துறது கிராணி? வடக்க பூரா வயக்காடுலா!"

தங்கச்சி வீடு

வடக்கு என்று எழுதிய பென்சிலின் சூடு ஆறுவதற்குள் பெரிய கங்காணி வந்தார். தலைநகரில் அவர் தங்கை இருக்கிறாளாம். வசந்தா அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம். என்ன பெருந்தன்மை என்று வியந்து, வடக்கை அழித்தேன். தங்கைக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருக்கும் செய்தி, அவர் வாசல் வரை போய்த் திரும்பியபோதுதான் வெளியே வந்தது.

"பிள்ள பட்டம் வாங்குன மாதிரியும் ஆச்சு, தங்கச்சி வீட்டுல பிங்கான் கழுவுன மாதிரியும் ஆச்சு."

அம்மன் சொன்னது

கங்காணியை எதிர்த்துப் பேச முனியாண்டிக்குத் துணிவில்லை. அதனால் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ தலைநகர், வெள்ளைப் பூ வடக்கு. இரண்டையும் தனித்தனியே தாளில் மடித்துச் சன்னிதியில் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தது. சரியாகக் கும்பிடவில்லை என்று மறுபடி எடுத்தார். மறுபடியும் சிவப்பு. சூடம் பத்தவில்லை என்று மூன்றாம் முறை எடுத்ததில் வெள்ளை வந்ததும் கண்கலங்கிவிட்டாராம்.

பூசாரி சொன்னது: "ஆத்தாவுக்கே அலுத்துப்போச்சுய்யா. வெள்ளய எடுத்துக்கிட்டு வீடு போய்ச் சேரு."

துரையின் கவலை

தோட்ட மேனேஜரைத் துரை என்றாலும் ஆள் வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போ பட்டணத்துக்காரர். கையெழுத்துக்கு வந்தவர் பாரத்தை எட்டிப் பார்த்தார். லோரிக்காரர் மகள் நிர்வாகம் படிக்கப்போகிறாள் என்றேன். நாற்காலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நர்ஸுக்குப் படிக்கச் சொல்லேன்யா. நிர்வாகத்துக்கு இங்க நான் ஒருத்தன் போதாதா?"

என் பங்கு

வியாழக்கிழமை அந்தக் கட்டத்தில் தாளே தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் தலைநகர் என்று எழுதி, வசந்தாவை வரவழைத்து, பழைய பல்கலைக்கழகத்தின் நூலகம் பற்றி இருபது நிமிடம் பேசினேன். நான் அந்த நூலகத்தைப் பார்த்ததில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"திங்கக்கிழமையே மையில எழுதி தானா ராத்தா டவுன்ல போஸ்ட் பண்ணிட்டேன் சார். வடக்குதான். அங்க இந்தப் படிப்புக்கு இடம் அதிகம், வழிகாட்டிப் புத்தகத்துலயே போட்டிருக்கு."

அப்பா கையெழுத்து? என்று கேட்டேன்.

"லோரி சிட்டைங்களுக்கு நடுவுல வச்சு நீட்டினேன். அப்பா என்னைக்கு சார் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு? நீங்க எல்லாரும் சந்தோஷமாப் பேசிக்கிட்டிருந்தீங்க, ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மூன்று மாதம் கழித்து வடக்கேயிருந்து இடம் கிடைத்த கடிதம் வந்தபோது, முனியாண்டி தன் வயக்காட்டையும் பூசாரி தன் அம்மனையும் பாராட்டிக்கொள்ள, நல்லவேளை படித்தவன் பேச்சைக் கேட்கவில்லை என்று தோட்டம் என்னை மட்டும் மன்னித்து விட்டது.